சுவரைத் தெரிந்துகொண்டு இடிக்க வேண்டும்

உலோகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்துப் படம் அச்செடுக்கும் எங்கள் எட்சிங் பட்டறைக்குத் தொழில் பழக வரும் இளைஞர்கள் பலரும் பாழடைந்த கட்டடத்தைத்தான் முதலில் வரைய ஆசைப்படுகிறார்கள். விரிசல், பாசி, சரிந்த தூண் எல்லாம் தகட்டில் அழகாக வந்துவிடும். அச்செடுத்துப் பார்த்தால் சுவருக்குக் கனம் இருக்காது. அது எதனால் கட்டிய சுவர், தண்ணீர் எந்த இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது என்று வரைந்தவர் யோசித்திருக்க மாட்டார். விரிசல் வெறும் அலங்காரமாக நின்றுவிடும்.

அப்போது நான் எடுத்துக் காட்டுவது பிரானேசியின் படங்களை. 1720இல் வெனிஸ் பக்கத்தில் கல்தச்சர் மகனாகப் பிறந்து, கட்டடக்கலை பயின்று, ரோமின் இடிபாடுகளைச் செப்புத் தகட்டில் பதிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். ரோமானியத் தொன்மைகளைப் பற்றி 1756இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் பண்டைய ரோமானியச் சீமாட்டி சிசிலியா மெட்டெல்லாவின் கல்லறை வருகிறது. இடிந்த கோலத்தைக் காட்டியதோடு அவர் நிறுத்தவில்லை. அந்தப் பெரிய கற்களை எப்படித் தூக்கி ஏற்றியிருப்பார்கள் என்பதைக் கருவிகளோடு தனித் தகட்டில் வரைந்திருக்கிறார். மனிதர்களைச் சிறிதாக்கிக் கட்டடங்களை ஓங்கச் செய்தவர் அவர். அந்தப் படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு ரோமுக்குப் போய் ஏமாந்தவர்கள் உண்டு. அளவில் அவரை நான் நம்புவதில்லை. கல்லடுக்கில் முழுமையாக நம்புகிறேன்.

மற்றதை அமிலத் தொட்டி கற்றுக்கொடுக்கும். மெழுகுப் பூச்சில் ஊசியால் கீறிய தகட்டை நைட்ரிக் அமிலக் கரைசலில் இறக்கியதும் கோடுகளின் மேல் குமிழ்கள் கோத்துக்கொள்ளும். அவற்றை இறகால் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அரிப்பு சீராக இராது. வானத்துக் கோடுகளுக்குக் கொஞ்ச நேரம் போதும். தகட்டை எடுத்துக் கழுவி, அந்த இடத்தை வார்னிஷால் மூடி மறுபடி இறக்குவோம். வளைவுக்கு அடியில் உள்ள இருட்டு மட்டும் கடைசி வரை அரிபட்டுக்கொண்டிருக்கும். பிரானேசியின் நிழல்களுக்கு அத்தனை ஆழம் வந்ததும் இப்படி மூடி மூடி அரித்ததால்தான். எந்தக் கல் எவ்வளவு சிதைய வேண்டும் என்று தெரியாதவருக்கு எப்போது தகட்டை வெளியே எடுப்பது என்றும் தெரியாது.

அச்செடுக்க எடுக்கத் தகடும் தேயும். ஆழமில்லாத கோடுகள்தான் முதலில் போகும். பிரானேசி 1778இல் இறந்த பிறகும் அவருடைய மகன்கள் அதே தகடுகளில் அச்சிட்டார்கள். பிந்தைய அச்சுகள் பலவற்றில் வானம் வெளிறிக் கிடக்கும். அதனால் அவருடைய பிரதி எதைப் பார்த்தாலும், இடிந்த சுவரைப் பார்ப்பதற்கு முன் நான் மேகத்தைத்தான் பார்க்கிறேன்.