கரண்ட் போன ராத்திரி

ரங்கூனில் சித்திரை வெயில். நேற்று ராத்திரி நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. என் கவலையெல்லாம் முப்பது லிட்டர் தொட்டியில் செர்ரி இறால்களோடு இருக்கும் கேலக்ஸி ரஸ்போரா மீன்கள் மேல்தான். 2006-இல் ஷான் மாநிலத்து ஹோபோங் பக்கம் கண்டுபிடித்த மீன். சொந்த ஊர் ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள மலைக் குளம். இந்தச் சூடு எப்படித் தாங்கும்? இரண்டு சென்டிமீட்டர் உடம்பு, கருநீலத்தில் முத்துப் புள்ளிகள்.

பேட்டரி பம்பை மாட்டிவிட்டு, பனை விசிறியால் தண்ணீர் மேல் வீசிக்கொண்டிருந்தேன்.

"குழம்புக்குக்கூட ஆகாத இறாலுக்கு விசிறியா?" என்றார் அம்மா.

டார்ச் அடித்தேன். ஜாவா பாசியில் ஒரு செர்ரி இறால், வயிற்றடியில் மஞ்சள் முட்டைகள். குட்டிக் கால்களால் அவற்றுக்கு விசிறிக்கொண்டே இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். அப்புறம் விசிறியைப் பிடுங்கிக்கொண்டு போனார், தனக்கு வீச.