சிர்க்கோனியம் 100-இல் விழுந்த ஓர் எண்

2022 மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தை வாடகை அறையிலிருந்து இறுதியாண்டு ஆய்வறிக்கையின் முதலாவது அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தேன். நியூத்திரன்கள் மிகும்போது அணுக்கருவின் வடிவம் எவ்வாறு மாறுகிறது என்பதே தலைப்பு. 40 புரோத்தன்களைக் கொண்ட சிர்க்கோனியத்தின் சமதானிகளை, அதாவது நியூத்திரன் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் வகைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சுழற்சியின் அளவான கோண உந்தம் 2 ஆகவுள்ள முதலாவது அருட்டிய (சக்தி ஏறிய) நிலையின் சக்தியைக் கிலோ இலத்திரன் வோல்ற்றில் பதிந்தேன். 50 நியூத்திரன் உள்ள கருவுக்கு 2186, 56-க்கு 1750, 58-க்கு 1223. 60-க்கு, அதாவது புரோத்தன்களோடு சேர்த்து 100 துகள்கள் கொண்ட சிர்க்கோனியம் 100-க்கு வந்தபோது 213 என்றிருந்தது. ஓர் இலக்கத்தைத் தவறவிட்டேனோ என்று எண்ணி, மின்சாரம் திரும்பிய நள்ளிரவில் தரவுத்தளத்தை மறுபடியும் பார்த்தேன். எண் சரியாகவே இருந்தது.

கோள வடிவான கருவை எப்பக்கம் திருப்பினாலும் அதன் நிலை மாறாது என்பதால், குவாண்டம் பொறிமுறையில் அது சுழல்வதாகச் சொல்வதற்குப் பொருளில்லை. றக்பிப் பந்தைப் போல் நீண்ட கருவோ மிகச் சிறிய சக்தியிலேயே சுழலத் தொடங்கிவிடும். ஆகவே, 7 செக்கன் அரைவாழ்வுக்காலம் மட்டுமே கொண்ட ஒரு கருவின் உருவத்தை இத்தகைய எண்களிலிருந்துதான் ஊகிக்கிறோம். இரண்டாவது சுழற்சி நிலைக்கும் முதலாவதற்கும் உள்ள சக்தி விகிதம் வடிவம் மாறாமல் சுழலும் விறைப்பான சுழலிக்கு 3.33 ஆகும், சிர்க்கோனியம் 100-இல் அது ஏறத்தாழ 2.65, 102-இல் 3.15.

வாய்மொழிப் பரீட்சையில் காரணம் கேட்டார்கள். நியூத்திரன்கள் கூடக்கூடக் கரு நீளும் என்றேன். "அப்படியானால் 52, 54 நியூத்திரன்களில் 900-ஐ ஒட்டியிருந்த எண் 56-இல் ஏன் ஏறியது?" என்று ஒரு பரீட்சகர் வினவியபோது, என் ஆய்வில் இருந்த ஓட்டையை நானே கண்டேன். கருவின் துகள்கள் ஓடுகள் எனப்படும் சக்திப் படிகளில் அடுக்கப்படுகின்றன; 56-இல் அத்தகைய படியின் உட்பிரிவான ஓர் உபஓடு நிரம்புவதால் கரு இறுகிக் கோளமாகவே நிற்கிறது. அதைக் கடந்ததும் நியூத்திரன்கள் புகும் ஓடு, அதற்கு இணையான ஓட்டுக்குப் புரோத்தன்களை மேலே இழுக்கிறது. மேலேறிய புரோத்தன்கள் நியூத்திரன்களை மேலும் அதே ஓட்டுக்குள் கவர்கின்றன. ஒன்றையொன்று வளர்க்கும் இந்த ஈர்ப்பினாலேயே மாற்றம் படிப்படியாக நிகழாமல் ஒரே பாய்ச்சலாக நிகழ்கிறது. கோள வடிவமும் அழிந்துவிடுவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்: சிர்க்கோனியம் 100-இல் 331 கிலோ இலத்திரன் வோல்ற்றில் இருக்கும் சுழற்சியற்ற நிலை, தோற்றுப்போன அந்த வடிவத்தின் எச்சமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது.

உயர்தர வகுப்பில் 'அருட்டல்' என்று தமிழில் மனனம் செய்த சொல், ஆங்கிலத்தில் விடை தேடித் தடுமாறிய அந்த நிமிடங்களில் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பது வேறு கதை.

திருத்தத்துக்கு இரண்டு வாரம் தந்தார்கள். காரணங்களை விளக்கும் அத்தியாயத்தை முற்றாக மாற்றி எழுதினேன். வரைபடத்தில் 58-க்கும் 60-க்கும் இடையே அழகுக்காக வளைத்து வரைந்திருந்த கோட்டை நீக்கிவிட்டு, புள்ளிகளை மட்டும் விட்டு ஒப்படைத்தேன்.