இருக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு முடிவோடுதான் போனேன். காப்புக்கட்டுக்கு முன்னால் மாட்டுக்கொட்டத்தை ஒதுக்கிவிடுவது. மாட்டை விற்று எட்டு வருஷம் ஆகிறது. அது நின்ற இடத்தில் தட்டுமுட்டுச் சாமான்கள் குடியேறிவிட்டன.

அம்மாவிடம் சொன்னதும், "தாராளமாச் செய்யி" என்றார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் கையில் வந்தவை யூரியா சாக்குகள். பிரித்துத் தைத்தால் மிளகாய் வத்தல் காயப்போட ஆகுமாம். எண்ணிப் பார்த்தேன், 43. அவ்வளவு வத்தல் எங்கள் ஊர் முழுக்கச் சேர்த்தாலும் விளையாது. அதற்கடியில் 2011க்குப் பிறகு வந்த இலவச மிக்சி, மின்விசிறி. மூலையில் மாட்டுத் தொட்டிமேல், 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவச கலர் டிவி. அம்மா சாமான்களை ஆட்சிவாரியாக அடுக்கியிருந்தார்.

சுவரோரம் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலைச் சால் கிடந்தது. வால்தோலை எலி எப்போதோ தின்றுவிட்டது, இரும்பு மட்டும் மிச்சம்.

"இது எதுக்கும்மா?"

"இருக்கட்டும்டா. கரண்டு இல்லாத நாளைக்கு உதவும்."

கமலை இறைக்க மாடு வேண்டும். அது இல்லை. கிணற்றில் தண்ணீர் வேண்டும். அதுவும் இல்லை.

அதற்குள் தெருவில் குட்டியானை வந்துவிட்டது. பழைய இரும்பு, பழைய பேட்டரி, பழைய ஃபிரிட்ஜ் என்று ஒலிபெருக்கி ஒரே ராகத்தில் ஒப்பித்தது. கூப்பிட்டேன். இரும்பு கிலோ 28 ரூபாய் என்றார் வண்டிக்காரர்.

"முன்னெல்லாம் பேரீச்சம்பழம் குடுப்பாங்களே தம்பி?"

"இப்ப ஜிபேதான்மா."

அம்மாவுக்கு அந்த வியாபாரம் பிடிக்கவில்லை. நான் ஒரு பக்கம் வண்டியில் ஏற்ற ஏற்ற, அவர் மறுபக்கம் இறக்கிக்கொண்டிருந்தார். துருப்பிடித்த மண்வெட்டி என் கையாலேயே இரண்டு தடவை ஏறியது. சால் ஏறவே இல்லை.

சரி, டிவியாவது போகட்டும் என்று கிட்டப் போனேன். ரிப்பேர் பார்க்க வந்தவர் உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனவர், திரும்பவில்லை. வெறும் கூடுதான். கை வைத்ததும் உள்ளிருந்து 'க்கேர்ர்' என்று ஒரு சீறல். பாம்போ என்று நான் பின்னால் பாய்ந்ததில் வண்டிக்காரர் காலை மிதித்துவிட்டேன்.

குனிந்து பார்த்தால், திரை இருந்த இடத்தில் சிவப்புக் கோழி, இறக்கையைச் சிலுப்பிக்கொண்டு அடைபடுத்திருக்கிறது.

"அதைத் தொடாத! பதினோரு முட்டை வச்சிருக்கேன், நாலு நாள் ஆச்சு" என்று அம்மா ஓடிவந்தார். அப்புறம் விரல்விட்டு எண்ணி, "இருபத்தொண்ணுல நாலு போக... தம்பி, பதினேழு நாள் கழிச்சு வாப்பா" என்றார் வண்டிக்காரரிடம். அவர் நொண்டிக்கொண்டே போய் வண்டியை எடுத்தார்.

பொங்கலன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேர் யூரியா சாக்கை விரித்து டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். என்னடா ஓடுது என்று கேட்டேன்.

"சத்தம் போடாதீங்க மாமா, கோழி தூங்குது."