193 வந்த இடத்தில் 191 வந்துவிட்டது

மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த பிழை நேற்று மாலை பிடிபட்டது. ஒவ்வொரு நகர்வையும் ஆடிப் பார்த்து, ராஜா அடிபடும் என்றால் திரும்ப எடுக்கும் பழைய முறையைக் கைவிட்டு, செல்லுபடியாகும் நகர்வுகளை மட்டும் நேரடியாக உருவாக்கும் முறைக்கு என் சதுரங்க நிரலை மாற்றியிருந்தேன். தொடக்க நிலையில் ஆழம் 5-க்கு 48,65,609, ஆழம் 6-க்கு 11,90,60,324 எனப் பெர்ஃப்ட் எண்கள் (இரு பக்க நகர்வுகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, அத்தனை நகர்வு ஆழம்வரை ஆடக்கூடிய எல்லா வரிசைகளின் எண்ணிக்கை) பிசகாமல் வந்தன. நேரமும் பாதிக்கும் கீழே இறங்கியது.

ஆனால் ஏ5-இல் வெள்ளை ராஜாவும் எச்4-இல் கறுப்பு ராஜாவும் நிற்கும் அந்தப் பழகிய இறுதியாட்டச் சோதனை நிலையில், ஆழம் 2-க்கு 191 வர வேண்டிய இடத்தில் 193 வந்தது. முதல் நகர்வு வாரியாகப் பிரித்துப் பார்த்தால், இ2-இ4-க்கு 16-க்குப் பதில் 17, ஜி2-ஜி4-க்கு 17-க்குப் பதில் 18. கட்டுண்ட காய்களை, அதாவது நகர்ந்தால் தன் ராஜா அடிபடும் காய்களை, கண்டறியும் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

நேற்று காவேரிப்பட்டணத்தில் மின்சாரம் நின்றதால், மரப் பலகையை எடுத்து அதே நிலையை அடுக்கினேன். வெள்ளைச் சிப்பாயை இ4-க்குத் தள்ளிவிட்டு, எஃப்4 சிப்பாயால் ஆன் பசான் முறையில் (இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை, ஒரு கட்டமே நகர்ந்தது போல் பக்கத்துச் சிப்பாய் உடனே வெட்டுவது) அதை வெட்டினேன். ஒரே நகர்வில் இரண்டு சிப்பாய்களும் நான்காம் வரிசையை விட்டு நீங்க, பி4-இல் இருந்த வெள்ளை யானையின் பார்வை நேராக எச்4 ராஜாவின் மேல் விழுந்தது. ராஜாவுக்கும் யானைக்கும் நடுவே இரண்டு காய்கள் நின்றதால், என் நிரல் எஃப்4 சிப்பாயைக் கட்டுண்டதாகக் கருதவே இல்லை. தொடக்க நிலைச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காததற்கும் காரணம் புரிந்தது: கறுப்பு ராஜா நான்காம் வரிசைக்கு இறங்கவோ, வெள்ளை ராஜா ஐந்தாம் வரிசைக்கு ஏறவோ, வழிவிடும் சிப்பாயையும் சேர்த்து, அந்தப் பக்கத்துக்கு ஐந்து நகர்வுகள் வேண்டும், ஆழம் 6-இல் அதற்கு இருப்பது மூன்றுதான்.

இப்போது ஆன் பசானுக்கு மட்டும் இரு சிப்பாய்களையும் பிட்போர்டிலிருந்து (பலகையின் 64 கட்டங்களை 64 பிட்களாக வைத்திருக்கும் எண்) நீக்கி, சேரும் கட்டத்தை நிரப்பி, ராஜாவின் இடத்திலிருந்து எதிரியின் யானை, ராணி, மந்திரி தெரிகின்றனவா என்று பார்க்கிறேன். இந்த நகர்வு அரிதாகவே வருவதால் வேகம் குறையவில்லை. அதே சோதனை நிலையில் ஆழம் 2-க்கு 191, ஆழம் 3-க்கு 2,812, ஆழம் 4-க்கு 43,238, ஆழம் 5-க்கு 6,74,624 என எல்லாம் பொருந்திவிட்டன. அந்த எண்கள் திரையில் வரிசையாக வந்ததைப் பார்த்தபோது எனக்கிருந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

கிருஷ்ணகிரியில் பழைய கணினி விற்கும் ஒரு கடையில் நான்காம் தலைமுறை இன்டெல் செயலி என்று சொல்லித் தந்த கணினி, வீட்டில் வந்து பார்த்தால் மூன்றாம் தலைமுறையாக இருந்தது. 2013-இல் வந்த நான்காம் தலைமுறையான ஹாஸ்வெல்லில்தான், வேண்டிய பிட்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் பிஇஎக்ஸ்டி கட்டளை இன்டெலில் முதன்முதலில் கிடைக்கிறது என்பதால், யானை, மந்திரி தாக்கும் கட்டங்களை அட்டவணையில் தேட இப்போது பயன்படுத்தும் மேஜிக் பெருக்கலை விட்டு அதற்கு மாறும் திட்டம் வேறு கணினி கிடைக்கும்வரை தள்ளிப்போகிறது. வாங்குபவர்கள் கடையிலேயே கணினியைத் திறந்து, செயலியின் முழுப் பெயரைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். கோட்டை கட்டும் நகர்வு மட்டும் இன்னும் பழைய முறையில்தான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதில் கை வைக்கிறேன்.