ஐப்பசி, காய்ச்சல் வார்டு

அக்டோபர் 26, சனி

அறை நண்பனுக்கு டெங்கு. ரத்தப் பரிசோதனையில் என்.எஸ்.1 பாசிட்டிவ். பிளேட்லெட் 1,32,000. பாராசிட்டமால் தவிர வேறு எந்த வலி மாத்திரையும் தொடக் கூடாதாம். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

அக்டோபர் 27, ஞாயிறு

ராத்திரி முழுக்க 103. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்கிறான். மேன்ஷனில் பாதி அறைகள் பூட்டியாகிவிட்டன. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்று, "எப்படி இருக்கான்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்குகிறார்கள். அவனுக்கும் செவ்வாய் ராத்திரி பொதிகையில் டிக்கெட் இருக்கிறது. நாலு மாசம் முன்னால், முன்பதிவு திறந்த அன்று காலை எட்டு மணிக்கு இரண்டு போனையும் வைத்துக்கொண்டு எடுத்தோம்.

"அம்மாட்ட சொல்லிராத மாப்ள. பதறிரும்."

சரி என்றேன். ஆனால் அந்த அம்மாவின் எண் என் போனில் இருக்கிறது. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வாந்தி. குடித்த கஞ்சித் தண்ணீரும் நிற்கவில்லை. மறுபடி வாந்தி. வாந்தி நிற்காவிட்டாலோ, வயிறு வலித்தாலோ, ஈறில் ரத்தம் தெரிந்தாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோ பிடித்தேன். தீவுத்திடல் பட்டாசுக் கடைகளுக்கு முன்னால் ஒரே நெரிசல். குழந்தைகள் அப்பாக்களின் தோளில். வண்டி நகரவே இல்லை. என் மடியில் தலை வைத்துக் கிடந்தவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "சக்கரம் வாங்கிட்டியா?"

ஜி.எச். இரவு 9.40. அட்மிஷன்.

அக்டோபர் 28, திங்கள்

கொசுவலைக்குள் படுத்திருக்கிறான். நீல வலை. அதன் வழியாகப் பார்க்கும்போது அவன் முகம் எனக்குப் பழக்கமில்லாத ஒருவனுடையதாகத் தெரிகிறது. வலை அவனுக்காக இல்லை, மற்றவர்களுக்காக என்று சிஸ்டர் சொன்னார். காய்ச்சல் இருக்கும்போது அவனைக் கடிக்கிற கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

பிளேட்லெட் 88,000. பி.சி.வி. 40. இந்த இரண்டாவது எண் எனக்குப் புதிது. டாக்டர் மேடம் (எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்) கேஸ் ஷீட்டின் ஓரத்தில் அதை வட்டம் போட்டுவிட்டு, "பிளேட்லெட்டையே பாத்துட்டு இருக்காதீங்க, இதப் பாருங்க" என்றார். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்தால் உள்ளே இருக்கிற ரத்தம் கெட்டியாகும், இந்த எண் ஏறும். நாற்பது நாற்பத்தெட்டானால் கவலை.

மத்தியானம் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம், 5 ரூபாய். வரிசையில் நிற்கும்போது அமரர் ஊர்தி ஒன்று மெதுவாகக் கடந்து போனது. முன் இருக்கையில் ஒரு பையன், என் வயதுதான் இருக்கும், மடியில் பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு ஜோடி செருப்பும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நகருப்பா" என்றார். நகர்ந்தேன்.

அவன் அம்மாவுக்கு போன் செய்துவிட்டேன். அவர் அழவில்லை. "நீ சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரும் வண்டிகளில் இப்போது இடம் கிடைக்கும். எல்லோரும் எதிர்த்திசையில் போகிற வாரம் இது.

அக்டோபர் 29, செவ்வாய்

காய்ச்சல் இல்லை.

காலை ஐந்தரைக்குத் தொட்டுப் பார்த்தேன், நெற்றி குளிர்ந்திருந்தது. தெர்மாமீட்டர் 98.4. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில் தாத்தா, வியாசர்பாடிக்காரர், "பொழச்சிக்கிச்சிப்பா புள்ள" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஏழு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பே வரவில்லை.

"காய்ச்சல் விட்ட அப்புறம்தான் நாங்க பயப்படுவோம். இன்னியிலேர்ந்து ரெண்டு நாள் அவர விட்டு நகராதீங்க."

இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உடம்பு தணிந்து, முகம் தெளிந்து, எழுந்து உட்கார்ந்து பல் தேய்க்கக் கேட்கிறான். அந்த நேரத்தில்தான் உள்ளே குழாய்ச் சுவர்களில் நீர் கசிய ஆரம்பிக்குமாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. நாடி பிடித்து, ரத்த அழுத்தம் பார்த்து, மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் உள்ள இடைவெளி 20-க்கு வந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். நல்லா இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எத்தனை பேர், எத்தனை நாட்கள் என்று யோசனை போய்விட்டது. எங்கள் அப்பா, தினமும் காலையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவர். தங்கை. நான். யாருக்கு எது கசிகிறது, யாருக்குத் தெரியும்.

குளித்துவிட்டு வரலாம் என்று ஒரு மணி நேரம் மேன்ஷன் போனேன் (தாத்தாவின் மகள் பார்த்துக்கொண்டார்). மாநகராட்சி ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் பின்னால் ஓடும் பக்கிங்காம் கால்வாயைக் கை காட்டிக்கொண்டிருக்க, வந்தவர்களில் ஒரு அக்கா சொன்னார், "சாக்கடைத் தண்ணியில இந்தக் கொசு முட்டை வைக்காது. அதுக்கு நல்ல தண்ணி வேணும்." மொட்டைமாடிக்கு என்னையும் கூட்டிப்போனார். உடைந்த பெயின்ட் டப்பாவில் போன வாரத்து மழைத் தண்ணீர், கண்ணாடி போலத் தெளிவு. டார்ச் அடித்தார். நூல் துண்டுகள் போல ஏதோ தலைகீழாகத் தொங்கின, வெளிச்சம் பட்டதும் சுருண்டு சுருண்டு கீழே இறங்கின. அக்கா டப்பாவைக் கவிழ்த்தார். வெயில் பட்ட தரையில் ஒரு நிமிஷம் துடித்து நின்றன. முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதுமாம். அது கடிப்பதும் பகலில்.

இரவு 8.40. பொதிகை கிளம்பியிருக்கும். எஸ்-5-இல் அவனுடைய பெர்த்தில் இப்போது யார் உட்கார்ந்திருப்பார்கள்?

அக்டோபர் 30, புதன்

பி.சி.வி. 48. பிளேட்லெட் 31,000.

அதே நாள், இரவு 2 மணி

எழுதினால்தான் தூங்காமல் இருக்க முடிகிறது.

கை கால் சில்லிட்டிருக்கிறது. ரத்த அழுத்தம் 100/76. இடைவெளி 24. சிஸ்டர் டிரிப்ஸை வேகமாக ஓடவிட்டிருக்கிறார். வென்ஃப்ளான் குத்திய இடத்தில் பிளாஸ்டர் ஓரம் பிரிந்து, கீழே சின்னதாக ஊதாக் கறை. ஒவ்வொரு மணிக்கும் சிறுநீரை அளந்து தாளில் குறிக்க வேண்டும், அது என் வேலை. 12-லிருந்து 1 வரை 20 மி.லி. 1-லிருந்து 2 வரை 25. ஜாடியைத் தரையில் வைத்து, குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கிறேன். இந்த ஐந்து மி.லி. எனக்கு எவ்வளவு பெரியது என்று யாரிடம் சொல்வது.

தாது வருஷப் பஞ்சம் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். 1876–78. செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். 1877-இல் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரண வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று குறைத்ததும், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்த அளவில் ஆள் பிழைக்க மாட்டான் என்று சண்டை போட்டதும் எனக்கு மனப்பாடம். ஒரு பவுண்டு, ஏறக்குறைய 450 கிராம். அதைத் தின்றுவிட்டு மண் வெட்டினார்கள். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாயை வெட்டியது அந்த நிவாரண வேலையில்தான். எங்கள் மேன்ஷனுக்குப் பின்னால், பறக்கும் ரயிலின் தூண்களுக்கு நடுவே ஓடுகிறதே, அதுதான். வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட நான் புரட்டிய கோப்புகளில் இல்லை. இங்கே ஒரு கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்குகிறது. அதில் ஒருவன் பெயர், வயது 22, அவன் குடித்தது, கழித்தது, மணிவாரியாக. ஒரு மனுஷனைக் காப்பாற்ற இவ்வளவு பேர் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. ஐம்பது லட்சம் என்றால் என்ன என்று இன்று ராத்திரிதான் எனக்கு உறைக்கிறது.

கண் திறந்தான். "மாப்ள, பீச்சுக்குப் போவமா?" தூக்கத்தில் சொல்கிறானா என்று தெரியவில்லை. தினமும் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு என் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போகிறவன் அவன்தான். ஒரே ஒரு சுண்டல் பொட்டலம், இரண்டு பேருக்கு. மாங்காய்த் துண்டுகள் எல்லாம் அவனுக்கு. அலை கால் வரைக்கும் வருகிற இடத்தில் நின்றுகொண்டு எதுவும் பேச மாட்டான். அந்தச் சாயங்காலங்கள் எல்லாம் எனக்கு வேண்டும். ஒன்றுகூட விடாமல்.

3 மணி: 40 மி.லி.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பி.சி.வி. 44. இறங்குகிறது. இறங்குகிறது.

அம்மா விடிவதற்கு முன்னால் எழும்பூரில் இறங்கினார். நான்தான் போய் அழைத்துவந்தேன். ஒயர்கூடை, ஒரு துணிப்பை. வழியெல்லாம் தெருக்களில் வெடிப்புகை. வார்டுக்குள் வந்து வலையைத் தூக்கி அவன் கன்னத்தைத் தடவிவிட்டு, மாத்திரை டப்பி ஒன்றைத் திறந்து நல்லெண்ணெய் ஒரு சொட்டு அவன் உச்சியில் வைத்தார். "எண்ண வைக்காமத் தீவாளி உண்டுமா?" அடுத்த சொட்டு எனக்கு. அந்த விரல் சூடாக இருந்தது. நான் வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தார். அவனுக்கு இன்னும் வாய்க்குப் பிடிக்கவில்லை. சிஸ்டர்கள், தாத்தா, தாத்தாவின் மகள், செக்யூரிட்டி அண்ணன், நான், எல்லோரும் தின்றோம். பாசிப்பயறும் வெல்லமும் ஏலக்காயும். நாக்கில் இன்னும் இருக்கிறது.

டிரிப்ஸைக் குறைத்துவிட்டார்கள். கசிந்த நீர் இனி தானாகவே ரத்தத்துக்குள் திரும்பிவரும், இப்போது அதிகமாக ஏற்றினால் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத் திணறும் என்றார் மேடம். ஒரு ராத்திரிக்குள் மருந்தே விஷமாகிவிடுகிற அளவுக்கு நுணுக்கமான கணக்கு. தீபாவளி அன்றும் அவர் வந்திருந்தார். புதுத்துணி இல்லை, அதே வெள்ளைக் கோட்டு.

நவம்பர் 1, வெள்ளி

உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறதாம். உடம்பெல்லாம் சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு. நல்ல அறிகுறி என்கிறார்கள். பிளேட்லெட் 52,000.

"பரோட்டா வேணும்மா."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் முறை.

நவம்பர் 2, சனி

டிஸ்சார்ஜ். தாத்தாவுக்கு இன்னும் இரண்டு நாள் ஆகும். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் படி" என்றார். வேறு என்னமோ சொல்ல வந்தார், இருமல் வந்துவிட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

பொதிகையில் ஏற்றிவிட்டேன். ஊரிலிருந்து திரும்புகிற கூட்டம் எழும்பூரில் படிக்கட்டெல்லாம் வழிகிறது. தெற்கே போகிற பெட்டியில் தாராளமாக இடம். கீழ் பெர்த்தில் போர்வை விரித்து அவனைப் படுக்க வைத்தேன். வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பி வழியாக அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், "ராத்திரி பட்டினி கிடக்காதய்யா, சாப்ட்டுட்டுப் படு."

மேன்ஷனுக்கு நடந்தே வந்தேன். பெரிய தெருவில் யாரோ மிச்சப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் இரண்டு இட்லி, ஒரு பொடி தோசை. மெதுவாகத் தின்றேன்.

நவம்பர் 4, திங்கள்

ஆவணக் காப்பகம். கேட்ட கட்டு பதினொன்றரைக்குத்தான் வந்தது. முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை எடுத்துவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு நாளின் கூலியிலிருந்து தொடங்கலாம். ஒரு பவுண்டு தானியத்தை ஒருவன் எப்போது சமைத்திருப்பான், யாருக்குப் பங்கு வைத்திருப்பான் என்பதிலிருந்து. பேராசிரியர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு.

ஐந்தே முக்காலுக்கு நோட்டை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். மாங்காய் எல்லாம் எனக்கே. பிடிக்கவில்லை, ஒதுக்கி வைத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

போன் செய்தான். அங்கே எடுத்த பரிசோதனையில் 1,46,000. குரல் பழையபடி உரக்க இருக்கிறது, போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை வந்துவிடுவானாம். அம்மா துவைத்துப் போட்ட அவன் சட்டை இன்னும் மொட்டைமாடிக் கயிற்றில் கிடக்கிறது, எடுத்து மடித்து வை என்றான். மழை வரும்போல இருக்கிறது. எடுத்துவிட்டு, அப்படியே வாளி, டப்பா எல்லாம் கவிழ்த்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.