விதை மரத்துக்குக் குறியிட்ட நாட்கள்

காட்டில் மகோகனி மரங்களைக் கணக்கெடுத்துக் குறியிடும் வேலையில் சேர்ந்தபோது, வெட்டத் தகுந்த மரத்தைக் கண்டுபிடிப்பதுதான் சிரமமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் எந்த மரத்தை விட்டுவைப்பது என்று முடிவு செய்யத்தான் அதிக நாள் பிடித்தது.

இயற்கைக் காட்டில் மகோகனி அடர்த்தியாக நிற்காது. பல இடங்களில் ஹெக்டேருக்கு ஒரு பெரிய மரம்கூடத் தேறாது. அதனால் அங்கங்கே மாதிரி எடுத்தால் போதாது. வரிசையாகப் பாதை வெட்டி, முழுப் பகுதியையும் நடந்தே தேடினோம்.

அளப்பதில் நான் தவறு செய்தேன். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் விட்டம் எடுக்க வேண்டும் என்பது மட்டும் மனதில் இருந்தது. அடிமரத்தைச் சுற்றிப் பலகைபோல் புடைத்து நிற்கும் பலகை வேர் அதற்கு மேலும் ஏறியிருந்த மரங்களிலும் அங்கேயே டேப்பைச் சுற்றிவிட்டேன். ஒரு மரத்தில் கொடியையும் சேர்த்தே சுற்றியிருக்கிறேன். மறு ஆண்டு சரியாக அளந்தபோது, ஏட்டில் சில மரங்கள் மெலிந்திருந்தன! பல மரங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூடப் பருக்காதவை. அப்படியிருக்க, இந்தப் பிழை ஒன்றே போதும், அடுத்த வெட்டுக்கு எத்தனை மரம் தேறும் என்ற கணக்கைக் கெடுக்க. பெரிய இலை மகோகனி 2003 முதல், காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதியால் அந்த இனத்துக்குக் கேடு வராது என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். அதற்கு ஆதாரமே இந்த ஏடுதான். அதன்பின் ஏணி வைத்து, பலகை வேருக்கு மேலே அளந்து, அளந்த இடத்தில் பெயின்டால் கோடு போட்டோம்.

அப்புறம் விதை மரம், அதாவது விதைக்காக வெட்டாமல் விட்டுவைக்கும் மரம். உள்ளே பொந்து விழுந்த மரத்தை விடுவதில் யாருக்கும் மறுப்பில்லை. பலகைக்கு உதவாவிட்டாலும் அது காய்க்கும். நேரான, பருத்த மரங்களிலும் சிலவற்றை விட வேண்டும் என்றபோதுதான் பேச்சு நீண்டது. நல்லதையெல்லாம் எடுத்துவிட்டுக் கோணலை மட்டும் விட்டால் நாளைய காடு எப்படி இருக்கும்? நான் விட்டுக்கொடுக்கவில்லை. வரைபடத்தையும் விரித்துவைத்தோம். மகோகனி விதை காற்றில் பறந்தாலும் பெரும்பாலும் தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே விழும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கவும் கிடக்காது. அதனால் விதை மரங்கள் ஒரே மூலையில் குவியாமல் பரவலாக இருக்கும்படி பட்டியலை மாற்றி எழுதினோம்.

வறண்ட பருவத்தில் விதை கொட்டி முடிந்த பிறகே வெட்டு நடந்தது. நிழலில் மகோகனிக் கன்று தாக்குப்பிடிக்காது. மழை தொடங்கிய பின் போய்ப் பார்த்தேன். மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த இடங்களில் கன்றுகள் முளைத்திருந்தன. அவற்றை மூடிய கொடிகளை அறுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கட்டினோம்.