ஓய்ந்த பிறகும் நடக்கும் போர்

அமெரிக்காவில் 1798-இல் போட்ட ஒரு சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. போர் அறிவித்தாலோ படையெடுப்பு நடந்தாலோ, எதிரி நாட்டவரில் 14 வயது நிரம்பியவர்களைப் பிடித்து அடைக்கலாம், நாடு கடத்தலாம். குற்றம் எதுவும் செய்திருக்கத் தேவையில்லை.

சரி, போர் முடிந்தால் அதிகாரமும் முடியுமா? அங்கேதான் வேடிக்கை. ஜெர்மனி சரணடைந்தது 1945-இல். 1948-இல், இந்தச் சட்டத்தில் நாடு கடத்த உத்தரவிடப்பட்ட லுடெக்கே என்ற ஜெர்மானியரின் வழக்கில், சண்டை நின்றாலே போர் முடிந்ததாகாது, அதை முடிவு செய்வது அரசின் வேலை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 எனத் தீர்ப்பளித்தது. ஆள் பழைய நாஜி, அவர்மேல் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் தீர்ப்பு அவரோடு போகவில்லையே!

2025 மார்ச்சில் டிரம்ப், ஒரு குற்றக்கும்பலின் நடமாட்டத்தையே படையெடுப்பு என்று சொல்லி, இதே சட்டத்தில் வெனிசுவேலாக்காரர்களை எல் சால்வடார் சிறைக்கு அனுப்பினார். நாடு கடத்தும் முன் அவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஏப்ரலில்தான்.